பேராதனை வளாகத்தில் அப்படி என்ன அழகு? அதற்காக அங்கே படிக்கப் போகலாமா?

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத் தெரிவுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும் வவுனியாத் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: “கலைப்பீடத்துக்கு யாழ்ப்பாணம், பேராதனை இரண்டுமே எனக்குக் கிடைக்கும் போலிருக்கிறது. பேராதனையில் படித்தவர்களிடம் கேட்டால் படிப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன்னமே வளாகத்தின் அழகைத்தான் சொல்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அங்கே? அழகுக்காக ஒரு பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யலாமா?”

தங்கச்சி, செய்யலாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் நீங்கள் படிக்க விரும்பும் பாடம் அங்கே இருக்க வேண்டும். பாடம் இல்லாத இடத்துக்கு மலையைப் பார்க்கப் போய்ப் பயனில்லை. பாடம் இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஆசிரியர்களும் நன்றாக இருக்கிறார்கள் என்றால், வளாகம் ஒரு நியாயமான காரணம். பதினெட்டு பத்தொன்பது வயதில் தொடங்கி மூன்று நான்கு வருடம் ஓரிடத்தில் வாழப்போகிறீர்கள். அந்த இடம் உங்களை எப்படி நடக்க வைக்கிறது, யாரோடு உட்கார வைக்கிறது என்பதெல்லாம் படிப்பிலும் போய்ச் சேரும். பேராதனையில் இது மற்ற இடங்களைவிடக் கூடுதலாக நடக்கிறது. அதற்குக் காரணம் மலையும் ஆறும் மட்டும் இல்லை. அந்த வளாகத்தை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டினார்கள்.

கண்டி நகரிலிருந்து ஆறேழு கிலோமீற்றர் தூரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். ஒரு பக்கம் ஹந்தானை மலைத்தொடர், மறு பக்கம் மகாவலி கங்கை, நடுவே கலஹா வீதி. மொத்தப் பரப்பு ஏறக்குறைய 700 ஹெக்டேயர். அதில் கட்டடங்கள் நிற்பது கொஞ்ச இடத்தில்தான். மிச்சமெல்லாம் காடு, புல்வெளி, சரிவு, மரங்கள். கண்டி வீதியில் கொஞ்சத் தூரத்திலேயே 1821-இல் தொடங்கிய பேராதனைத் தாவரவியல் பூங்காவும் இருக்கிறது. படத்தில் பார்க்கிறவர்களுக்கு இவ்வளவும் போதும். அங்கே வாழப்போகிறவருக்குப் பின்கதையும் தெரிந்திருந்தால் நல்லது.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தை 1900களின் தொடக்கத்திலேயே முன்னின்று நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921-இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. முழுமையான பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது என்பதில் வருடக்கணக்காக வாதம் நடந்தது. ஒரு சாரார் கொழும்பு என்றார்கள், இன்னொரு சாரார் கண்டிப் பக்கம் என்றார்கள். மாணவர்கள் நகரத்தின் இரைச்சலை விட்டுத் தள்ளி, ஆசிரியர்களோடு ஒரே இடத்தில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது கண்டிப் பக்கத்தாரின் வாதம். கடைசியில் 1930களின் இறுதியில் பேராதனை முடிவாயிற்று. 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியபோதே அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸின் கண் பேராதனையில்தான் இருந்தது.

வளாகத்தின் திட்டத்தை வரைந்தவர்கள் பட்ரிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும். அபர்குரொம்பி யுத்த காலத்தில் லண்டனுக்கான பெருந்திட்டத்தைத் தயாரித்தவர். ஹொலிடே அதற்கு முன் எருசலேம் நகரத் திட்டமிடலில் வேலை செய்தவர். அவர்கள் செய்த முக்கியமான வேலை, நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமல் விட்டதுதான். கட்டடங்கள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு போகின்றன. விடுதிகளில் பல சரிவுகளில் நிற்கின்றன, மைதானம் ஆற்றோரச் சமதரையில் இருக்கிறது. எந்தக் கட்டடமும் மலையை மறைத்துக்கொண்டு நிற்கவில்லை. நூலகப் படியில் நின்றாலும் விரிவுரை மண்டப வாசலில் நின்றாலும் தலையை நிமிர்த்தினால் ஹந்தானை தெரியும்.

அந்தத் திட்டத்தைக் கல்லிலும் ஓட்டிலும் கொண்டுவந்தவர் ஷேர்லி டி அல்விஸ் என்ற இலங்கைக் கட்டடக் கலைஞர். எனக்கு இந்த வளாகத்தில் மிகவும் மதிப்புள்ளவர் அவர்தான். காலனி ஆட்சி முடியும் தறுவாயில் ஒரு பல்கலைக்கழகம் கட்டுகிறார்கள். ஆங்கிலேயப் பல்கலைக்கழகங்களைப் போலக் கோபுரமும் கூர்வளைவும் வைத்திருக்கலாம். அவர் கண்டிக் காலத்துக் கூரையையும், செதுக்கிய தூண்களையும், அனுராதபுரம் பொலனறுவைப் பக்கத்து வாசற்படிகளில் வைக்கும் அரைவட்டச் சந்திரவட்டக் கல்லையும் எடுத்துவந்தார். செனற் கட்டடத்தின் முன்னால் நின்று பாருங்கள். அந்தக் கூரையின் இரட்டைச் சரிவு வெறும் அலங்காரம் இல்லை. வருடத்தில் 2000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டுகிற இடத்தில், அகன்ற இறவாரம் சுவரையும் நடைபாதையையும் நனையாமல் காக்கிறது. விடுதிகளின் நடுமுற்றங்கள் வெளிச்சத்தையும் காற்றையும் அறைகளுக்குள் கொண்டுவருகின்றன. 1954-இல் நடந்த திறப்பு விழாவைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை. வளாகத்துக்குள் இருக்கும் அல்விஸ் குளம் அவருடைய நினைவாக அமைந்தது.

விழாவுக்கு எலிசபெத் மகாராணி வந்திருந்தார். ஆனால் 1952-இலேயே மாணவர்கள் வந்து படிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் மகாராணியின் கணவர் எடின்பரோ கோமகன் இந்தப் பல்கலைக்கழகம் “வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்திருப்பதாக” அறிவித்தார் என்று சொல்வார்கள். அந்த வசனம் பேராதனைக்காரர் எல்லோருக்கும் பாடம்.

சரி, அழகு மாணவரை என்ன செய்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, நடை. பேராதனையில் நடக்காமல் படிக்க முடியாது. விடுதியிலிருந்து விரிவுரைக்கு, அங்கிருந்து நூலகத்துக்கு, அப்புறம் கன்ரீனுக்கு, மாலையில் மைதானத்துக்கு என்று எல்லாமே தூரம்தான். பொறியியல் பீடத்துக்கென்றால் மகாவலியையும் கடக்க வேண்டும், அதற்கு அக்பர் பாலம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கால் வலிக்கும். பிறகு கவனித்தால், உங்கள் நட்பு முழுவதும் அந்த நடையில்தான் உருவாகியிருக்கும். ஒரு விரிவுரை முடிந்து அடுத்ததற்குப் போகும் வழியில்தான் விளங்காத பகுதியை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பார். சீனியர் ஒருவர் பழைய வினாத்தாள் பற்றிச் சொல்வதும், வீட்டுப் பிரச்சினையை ஒருவர் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்வதும் அந்த வழியில்தான். நகரத்துப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை முடிந்ததும் ஆளுக்கொரு பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். இங்கே எல்லோரும் ஒரே பக்கம்தான் நடக்க வேண்டும்.

இரண்டாவது, காசு கொடுக்காமல் உட்கார இடம். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மகாபொல உதவித்தொகையில் மாதத்தை ஓட்டுகிற பிள்ளைகள் அதிகம் படிக்கிற இடம் அது. அவர்களுக்கு ஒரு மர நிழல், ஒரு படிக்கட்டு, ஆற்றங்கரை, ஒரு புல்வெளி எல்லாம் கடைக்காரர் எழுப்பிவிடாத இடங்கள். அங்கே குழுவாக உட்கார்ந்து படிக்கலாம், கவிதை வாசிக்கலாம், அரசியல் வாதாடலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். ஆற்றோரம் போகும் ‘லவர்ஸ் லேன்’ பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே காதலர்கள் மட்டும் போவதில்லை. சோதனைக்கு முதல் நாள் தனியே நடந்து பாடத்தை மனதில் ஓட்டிப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது.

மரங்களைச் சொல்லாமல் விட முடியாது. மார்ச், ஏப்பிரலை ஒட்டி ரொபரோசியா பூக்கும். இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மரம் முழுக்க இளஞ்சிவப்பு. கீழே வீதியும் அதே நிறம். அதைத் தொட்டுக் கொன்றை மஞ்சளாகத் தொங்கும், சித்திரைப் புத்தாண்டு வந்துவிட்டதென்று அப்போது தெரியும். ஜக்கரந்தாவின் நீலமும் உண்டு. வீதிக்குக் குடை பிடிக்கும் பெரிய மாரா மரங்களும் உண்டு. கொன்றையைத் தவிர மற்ற மூன்றும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றியவை. ஹந்தானைச் சரிவுகளில் தெரியும் பைன் காடும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டதுதான். படத்துக்கு அது அழகு. ஆனால் அதன் கீழே நம்முடைய செடிகள் அவ்வளவாக வளர்வதில்லை. தாவரவியல் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு மணிநேரம் பேசுவார்கள். மலையேறப் போனால் அட்டை கடிக்கும், உப்பு அல்லது சவர்க்காரம் கொண்டுபோங்கள். விடுதி யன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போனால் குரங்கு உள்ளே வந்து பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய்விடும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். அந்த நிலம் கலை செய்ய வைக்கிறது. திறந்தவெளி அரங்கு ஒன்று இருக்கிறது. சிங்களத்தில் ‘வல’ என்பார்கள். இயற்கையான சரிவிலேயே படிகள், மரங்களுக்கு அடியில் பார்வையாளர், கீழே மேடை. எதிரிவீர சரச்சந்திரவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. பழைய நாட்டார் ஆட்ட மரபிலிருந்து புதிய சிங்கள நாடகத்தை உருவாக்கியவர் அவர். அவருடைய ‘சிங்கபாகு’ 1961-இல் அங்கேதான் முதலில் மேடையேறியது. அதே வருடங்களில் அதே வளாகத்தில் தமிழ் விரிவுரையாளராக இருந்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடைக்குக் கொண்டுவந்தார். 1962-இல் ‘கர்ணன் போர்’, 1964-இல் ‘இராவணேசன்’. இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பிற்காலத்தில் ஈழத்துக் கூத்து ஆய்வின் பெரிய பெயர்களில் ஒருவரானார். விடிய விடியக் களரியில் ஆடிய கூத்து, படித்தவர்கள் வெட்கப்பட்டு ஒதுக்கிவைத்த கூத்து, தமிழருடைய அரங்கு என்று தலைநிமிர்ந்தது பேராதனையிலிருந்துதான். ஒரே வளாகத்துக்குள், நடந்து போகிற தூரத்தில், இரண்டு மொழிக்காரர் தங்கள் தங்கள் மரபைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்தார். எல்லோரும் ஒரே இடத்தில் தங்கிப் படித்ததால்தான் அது இலகுவாக நடந்தது.

தமிழ்ப் பிள்ளையாக நீங்கள் அங்கே அந்நியமாக உணர்வீர்களோ என்ற பயம் உங்கள் வீட்டாருக்கு இருக்கும். விடுதிகளில் இரண்டின் பெயரே அருணாசலம், இராமநாதன். கலைப்பீடத்தில் தமிழ் மொழிமூலம் படிக்கலாம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் காலம் முதல் தமிழ்த்துறைக்குப் பெரிய பெயர். இலக்கிய விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் அங்கே படித்தவர்கள். தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ இதழைப் பழைய தொகுதிகளில் தேடி வாசியுங்கள், பின்னால் பெரிய எழுத்தாளர்களானவர்கள் மாணவர்களாக எழுதியது கிடைக்கும். மலைச்சரிவில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. மூச்சு வாங்க ஏறிப் போக வேண்டும். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஏறிப் போய்த் திரும்பும் வழியில் கீழே வளாகத்தின் விளக்குகளைப் பார்க்கிறபோது, வீட்டை விட்டு வந்த கவலை கொஞ்சம் குறையும். விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாமும் வளாகத்தில் இருக்கின்றன.

இவ்வளவு சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியதாகும்.

1983 மே மாதம் இந்த வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரத்துக்கு இரண்டு மாதம் முன்பு. உயிருக்குப் பயந்து பலர் படிப்பை விட்டு ஊருக்குப் போனார்கள். 1989 ஒக்டோபரில், தெற்கில் கொலைகள் மலிந்திருந்த நாட்களில், நான் மேலே சொன்ன அதே அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட மனிதத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. கொல்லப்பட்டவர்கள் சிங்கள இளைஞர்கள். அந்தக் குளத்தருகே படம் எடுக்கிற பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அழகான இடத்தில் கொடுமை நடக்காது என்று எந்தச் சட்டமும் இல்லை.

புதிய மாணவரைச் சீனியர்கள் வதைக்கும் பகிடிவதையும் அப்படித்தான். 1970களிலிருந்தே பேராதனைக்கு அதில் கெட்ட பெயர் உண்டு. 1997-இல் பொறியியல் பீடத்துக்கு வந்த ஒரு தமிழ் மாணவர் அதனால் உயிரிழந்தார். அதையொட்டி 1998-இல் பகிடிவதையைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் அது முற்றாக நிற்கவில்லை. “எங்கள் பட்ச் ஒற்றுமைக்காகத்தான்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்றாக நடப்பதிலும் ஒன்றாகச் சாப்பிடுவதிலும் தானாக வருகிற ஒற்றுமையை அடித்து உருவாக்கத் தேவையில்லை. யாராவது உங்களை வதைத்தால் வீட்டுக்கும், மாணவ ஆலோசகருக்கும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் உடனே சொல்லுங்கள். தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்று, இடம். ஜெனிங்ஸ் திட்டமிட்டது ஏறத்தாழ 1000 மாணவர்களுக்கு. இப்போது ஒன்பது பீடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படிக்கிறார்கள். கால்நடை மருத்துவத்தை இந்த நாட்டில் அங்கே மட்டும்தான் படிக்க முடியும், அதனால் எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒருவருக்கென்று கட்டிய விடுதி அறையில் இரண்டு பேர், மூன்று பேர் இருப்பார்கள். எல்லா வருடமும் விடுதி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நடுவில் ஒரு வருடமாவது ஹிந்தகலை, பனிதெனிய பக்கம் போடிங் அறை தேட வேண்டி வரலாம். அந்தச் செலவை இப்போதே வீட்டில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவும் படிகளும் எனக்கும் உங்களுக்கும் அழகு. சக்கர நாற்காலியில் வருகிற, ஊன்றுகோலோடு நடக்கிற பிள்ளைக்கு அவை தினமும் ஒரு தடை. 1940களில் திட்டம் வரைந்தவர்கள் அவர்களை நினைக்கவில்லை. பின்னால் சில இடங்களில் சாய்தளம் அமைத்தாலும் அந்த நிலத்தின் இயல்பு அப்படியேதான் இருக்கிறது. உங்களோடு படிக்கும் ஒருவருக்கு இந்தக் கஷ்டம் இருந்தால், விரிவுரை நேரத்தையும் மண்டபத்தையும் மாற்றித் தரச் சொல்லி எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள். கேட்டால்தான் நடக்கும்.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஊருக்குள் இருக்கிற, ஊரின் ஒரு பகுதியான பல்கலைக்கழகம். தமிழில் முழுமையாக வாழலாம், நூலகமும் ஆய்வும் நம்முடைய சமூகத்தோடு நெருக்கமாக இருக்கும். அதன் முதல் துணைவேந்தரும் பேராதனையில் கூத்தாட வைத்த அதே வித்தியானந்தன்தான். அங்கே படித்துப் பெரிய ஆளானவர்கள் ஏராளம். பேராதனை தருவது வேறொன்று. உங்களைப் போல் இல்லாதவர்களோடு, உங்கள் மொழி பேசாதவர்களோடு, ஒரே மாடியில் வாழ வேண்டி வரும். சிங்களம் கற்றுக்கொள்வீர்கள், ஆங்கிலமும் கொஞ்சம் தைரியமாக வரும். பக்கத்து அறைப் பிள்ளை மாத்தறையிலிருந்தோ அனுராதபுரத்திலிருந்தோ வந்திருப்பாள். ஒரு வெசாக்கும் ஒரு தைப்பொங்கலும் சேர்ந்து கொண்டாடிய பிறகு, அவளைப் பற்றிச் செய்தித்தாளை மட்டும் வைத்து நினைக்க உங்களால் முடியாது. அவளாலும் உங்களைப் பற்றி அப்படி நினைக்க முடியாது. இந்த நாட்டில் அதற்கு வாய்ப்புள்ள இடங்கள் குறைவு. எனக்குத் தெரிவு செய்யும் உரிமை இருந்தால், இந்தக் காரணத்துக்காகவே பேராதனையை முதலில் போடுவேன், மலையையும் மரங்களையும் அதற்கு அடுத்துத்தான் எண்ணுவேன்.

முடிவெடுக்கும் முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வவுனியாவிலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் நேரே பஸ் இருக்கிறது. புகையிரதம் என்றால் பொல்காவலையில் மாறிக் கண்டிப் பாதையில் வர வேண்டும். வளாகத்தின் ஓரத்திலேயே ‘சரசவி உயன’ என்ற சின்ன நிலையம் இருக்கிறது. கலஹா வீதியால் நடந்து செனற் கட்டடம், நூலகம், கலைப்பீடம் பாருங்கள். பிறகு அக்பர் பாலத்தில் போய் நின்று ஆற்றைப் பாருங்கள். பூக்காலத்தில் போக வேண்டாம், அப்போது யாருக்கும் பிடித்துப்போகும். ஒக்டோபர், நவம்பரில் விடாமல் மழை பெய்கிற ஒரு நாளில் போங்கள், செருப்பு வழுக்கும், உடுப்புக் காயாது, மலை மூடிக்கிடக்கும். கன்ரீனில் ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளிடம் விடுதியைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பாடங்களைப் பற்றியும் கேளுங்கள். அன்றைக்கும் உங்களுக்கு அந்த இடம் பிடித்திருந்தால், படிவத்தில் பேராதனையை முதலில் போடுங்கள்.